எடுப்பதற்கும் ஓர் அறம் உண்டு

கொடுப்பதைப் பற்றி நம் முன்னோர்கள் நிறையவே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஈகை, விருந்தோம்பல், ஒப்புரவு என்று திருக்குறளில் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. எடுப்பதைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எதை எதை எடுத்துக்கொள்கிறோம் என்று பாருங்கள். நிலத்திடம் நெல், பசுவிடம் பால், கிணற்றில் தண்ணீர், பெற்றவர்களிடம் வீடு வாசல், வேலைக்கு வந்தவரிடம் உழைப்பு. எடுக்காமல் எவரும் வாழ முடியாது. எப்படி எடுப்பது என்பதில்தான் மனிதனுக்கு மனிதன் வித்தியாசம். அதை எனக்குப் புரியவைத்தவை எங்கள் திருவாமாத்தூர்க் கொல்லையில், புங்க மரத்தடியில் இருக்கும் தேன் பெட்டிகள். தேன் எடுப்பதற்கு முன் பெட்டியிலிருந்து தேனீக்களை அப்புறப்படுத்தும் அந்தச் சிறிய வேலைக்குள் எவ்வளவு பாடம் இருக்கிறது என்பதை இளையவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பையாற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். அபிராமேசுவரரும் முத்தாம்பிகையும் எதிரெதிராகச் சந்நிதி கொண்ட தலம். தேவாரம் பாடிய மூவரும் பாடிய ஊர். இங்கே வட்டப்பாறை என்று ஓரிடம் உண்டு. வழக்கு என்று வந்தால் அதன் முன் நின்று சத்தியம் செய்யச் சொல்வது பழைய வழக்கம். கூடப்பிறந்தவனின் பங்கை ஏமாற்றிவிட்டு அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் அழிந்துபோனான் என்று சிறு பிள்ளைகளுக்கும் கதை சொல்வார்கள். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் கௌமார மடம் நிறுவியதும் இந்த ஊரில்தான். 1839இல் பிறந்து, வண்ணப் பாட்டும் இலக்கணமும் புலவர் வரலாறும் எழுதிக் குவித்தவர். வாழ்நாள் முழுதும் கொல்லாமையை வலியுறுத்தியவர். 1898இல் இங்கேயே சமாதியானார். பங்கில் பொய் கூடாது, உயிருக்கு ஊறு கூடாது. இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தேன் பெட்டி வைப்பவருக்கும் இவை இரண்டும்தான் அடிப்படை விதி.

என் சிறுவயதில் யாரும் பெட்டி வைத்துப் பார்த்ததில்லை. மரப்பொந்திலோ கிணற்றுச் சுவர் இடுக்கிலோ புற்றிலோ தேனடையைக் கண்டால், இருட்டிய பிறகு ஓலைப் பந்தம் கொளுத்திக்கொண்டு போவார்கள். இறக்கை கருகி விழுந்தவை போக மற்றவை சிதறி ஓடும். அடையை மொத்தமாக அறுத்துத் துணியில் கட்டிப் பிழிவார்கள். தேனோடு முட்டையும் புழுவும் சேர்ந்து பிழிபடும். வீட்டுக்கு வருவது ஒரு சொம்புத் தேன். அழிவது ஒரு முழுக் குடித்தனம். அடுத்த வருஷம் அந்தப் பொந்து காலியாகக் கிடக்கும். எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். எடுக்க வேறு வழி அவர்களுக்குத் தெரியாது.

வேறு வழியைக் காட்டியது பெட்டி. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். அடைக்கும் அடைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் விட்டால், தேனீ அதைத் தன் நடைபாதையாக வைத்துக்கொள்கிறது. அதைப் பூசி மூடுவதுமில்லை, அங்கே அடை கட்டுவதுமில்லை. அந்த இடைவெளியை அளந்து விட்டதால், அடையைச் சிதைக்காமல் சட்டம் சட்டமாக உருவி எடுக்கவும் திரும்ப வைக்கவும் முடிந்தது. நம் நாட்டு அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியை 1910களில் திருச்சியில் இருந்த அருட்தந்தை நியூட்டன் வடிவமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகப் பணிக்கு வந்த ஸ்பென்சர் ஹேட்ச் தேனீ வளர்ப்பை அங்கே ஒரு வீட்டுத் தொழிலாகவே ஆக்கினார். பிறகு 1991, 92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போனது. அதில் தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்தவைதான் இன்று நம் பெட்டிகளில் இருப்பவை. ஆகவே இவற்றை அலட்சியமாகக் கையாள நமக்கு உரிமையில்லை.

பெட்டிக்குள் இரண்டு அறைகள். கீழே புழு அறை. ராணி முட்டையிடுவதும், புழுக்கள் வளர்வதும், அவற்றுக்கான மகரந்தமும் தேனும் இருப்பதும் அங்கே. மேலே தேனறை. கீழறைத் தேவை போக மிஞ்சுவதைத் தேனீக்கள் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பெட்டி வைத்தவருக்கு உரியது மேலறை மட்டும். கீழறையில் தங்க நிறத்தில் தேன் தெரிந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. யாருடைய உழைப்பில் பங்கு கேட்டாலும் இந்தக் கோடு தெரிந்திருக்க வேண்டும். குடித்தனம் நடத்த ஒருவருக்குத் தேவையானது எது, அதற்கு மேல் மிஞ்சியது எது என்று பார்த்த பிறகுதான் கேட்க வேண்டும். கூலி பேசும்போதும், வட்டி வாங்கும்போதும், சம்பாதிக்கிற பிள்ளையிடம் பணம் கேட்கும்போதும் நாம் பெரும்பாலும் இந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது பொறுமை. பூவிலிருந்து வரும் மதுவில் தண்ணீர் அதிகம். தேனீக்கள் இரவெல்லாம் இறக்கையால் விசிறி அதை வற்றவைக்கின்றன. பக்குவம் வந்ததும் அறையின் வாயை மெழுகால் மூடிவிடும். சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் மூடியிருந்தால் எடுக்கலாம். மூடாத தேனில் ஈரம் மிகுதி. இருபது விழுக்காட்டைத் தாண்டினால் சீக்கிரம் புளித்துப் பொங்கிவிடும். உழைப்பவர் தாமே முடித்து மூடி வைக்கும்வரை காத்திருப்பவருக்குத்தான் கெடாத தேன் கிடைக்கும்.

இனி வேலைக்கு வருவோம். மேலறையில் தேன் நிறைந்திருக்கிறது. அதன்மேல் ஆயிரக்கணக்கில் தேனீக்கள் மொய்த்து நிற்கின்றன. அவற்றுக்குக் காயம் படாமல், கோபம் வராமல், அவற்றை அங்கிருந்து நகர்த்த வேண்டும்.

எளிய முறை புகையும் உதறலும். புகைப்பானில் தேங்காய் நாரோ காய்ந்த வறட்டியோ போட்டுப் பற்றவைத்து, வெள்ளையாகக் குளிர்ந்த புகை வரும்போது இரண்டு மூன்று ஊதல் போதும். புகை பட்டதும் தேனீக்கள் வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்ளும்; அப்போது கொட்டும் வேகம் குறையும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து வாழைப்பழ மணத்தை ஒத்த ஒரு வாசனை கிளம்புகிறது. மற்றவற்றுக்கு அது ஆபத்து அறிவிப்பு. அந்த இடத்தையே தேடி வந்து கொட்டும். புகை அந்த வாசனையை மறைத்துவிடும். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது, முதல் ஒருவரை நோகடிக்காமல் இருப்பது. நூறு பேர் இருக்கும் இடத்தில் ஒருவரை அவமதித்துவிட்டு மற்ற தொண்ணூற்றொன்பது பேரையும் சமாதானப்படுத்த நினைப்பது நடவாத காரியம். புகையையும் அளவோடுதான் விட வேண்டும். அதிகமானால் தேனிலேயே புகை வாடை ஏறிவிடும்.

பிறகு சட்டத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கி, கீழறைக்கு நேர் மேலாக ஒரே ஓர் உதறு. தேனீக்கள் தம் வீட்டுக்குள்ளேயே விழும். ஒட்டிக்கொண்டிருப்பவற்றை மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக ஒதுக்கிவிட வேண்டும். தயங்கித் தயங்கிப் பத்து முறை ஆட்டினால்தான் அவற்றுக்குச் சினம் வரும். செய்ய வேண்டிய கடினமான காரியத்தை ஒரே தடவையில், தெளிவாகச் செய்துவிடுவது எதிராளிக்குச் செய்யும் உபகாரம். கடன் கொடுக்க முடியாது என்றாலும் சரி, பெண் கொடுக்க விருப்பமில்லை என்றாலும் சரி, இழுத்தடிக்காமல் மரியாதையாகச் சொல்லிவிடுவது அந்த ஒரே உதறல்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த முறை இன்னொன்று. ஒருவழிப் பலகை. இதற்கான சின்னஞ்சிறு தகரக் கருவியை அமெரிக்காவில் போர்ட்டர் என்பவர் 1891இல் உருவாக்கினார். அதில் மெல்லிய இரண்டு கம்பித் தகடுகள் நுனி சேர்ந்தாற்போல் நிற்கும். உள்ளிருந்து வரும் தேனீ தள்ளினால் விலகி வழிவிடும்; அந்தப் பக்கம் போனபின் திரும்பி வர முடியாது. பிறகு கம்பித் தகடு இல்லாமல், பலகையில் துளையிட்டு, அடியில் வலையும் குறுகலான சந்தும் வைத்துச் செய்யும் வகைகளும் வந்தன. தச்சர் யாரும் செய்து தந்துவிடுவார். இந்தப் பலகையைச் சாயங்காலம் தேனறைக்கும் புழு அறைக்கும் நடுவே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். புகையும் வேண்டாம், உதறலும் வேண்டாம். இரவு குளிரக் குளிர மேலே இருக்கும் தேனீக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். ஒன்றிரண்டு நாளில் மேலறை ஏறக்குறைய காலியாக இருக்கும்.

ஏன் இறங்குகின்றன? கீழே ராணி இருக்கிறது. பிள்ளைகள் இருக்கின்றன. புழு அறையை முப்பத்துநான்கு, முப்பத்தைந்து டிகிரி வெப்பத்தில் வைத்திருக்க உடம்புச் சூடு கொடுக்க வேண்டிய கடமை இருக்கிறது. தேனைவிடப் பெரியது ஒன்று கீழே காத்திருப்பதால் தேனை விட்டுவிட்டுப் போகின்றன. இங்கே துரத்தல் இல்லை. போக வேண்டிய இடம் இருக்கிறது; அதற்கு ஒரு வழி இருக்கிறது; அவகாசம் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இதை நம் வீடுகளில் பொருத்திப் பாருங்கள். வயதான தகப்பனார் கடைக் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். மகன் கோபப்படுகிறான். அவர் எழுந்து எங்கே போவார் என்று யாராவது யோசித்தோமா? பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர, கொல்லையில் செடி வைக்க, கோயில் காரியத்தைக் கவனிக்க என்று அவரை எதிர்பார்த்து ஏதாவது ஒன்று இருந்தால் அவரே எழுந்து போவார். இருக்கையை மட்டும் பிடுங்கினால் மனம் உடைந்துபோவார். மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுக்க மறுக்கும் மாமியாருக்கும், பதவியை விட மறுக்கும் சங்கத் தலைவருக்கும் இதுவே. சாலை விரிவாக்கத்துக்குக் குடிசைகளைக் காலிசெய்யச் சொல்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். போக்கிடம் காட்டாமல் ஒருவரை எழுப்புவது ஓலைப் பந்தம் கொளுத்துவதுதான்.

என் வயதொத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இறங்கும் நேரத்தில் இறங்குவது நம் பொறுப்பு. நமக்கென்று அன்பும் வேலையும் காத்திருக்கும் இடம் ஒன்றை வேலையில் இருக்கும் காலத்திலேயே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல், பிள்ளைகள் தள்ளுகிறார்கள் என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

பலகை வைத்தும் சில சமயம் தேனீக்கள் இறங்காது. தேனறையில் எங்கேயோ புழு இருக்கும். ராணி மேலே ஏறி முட்டையிட்டிருக்கும். புழு இருக்கும்வரை செவிலித் தேனீக்கள் அதை விட்டு நகரமாட்டா. அவற்றைப் பிடிவாதக்காரர்கள் என்று ஏசுவதில் பயனில்லை. புழு உள்ள சட்டத்தைக் கீழறைக்கு மாற்றிவைத்தால் தாமாகவே போய்விடும். ஒரு மனிதர் ஓரிடத்தை விட்டு அசைய மறுத்தால் அவர் அங்கே எதையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளுங்கள். அது என்னவென்று கேட்டு, அதற்குப் பாதுகாப்புச் செய்துவிட்டால் பாதி வழக்குகள் நீதிமன்றம் ஏறாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பலகை வைத்த பிறகு தேனறையில் விரிசலோ ஓட்டையோ இருக்கக் கூடாது. உள்ளே காவல் இல்லாத தேன். எறும்பு வரும், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். பூ இல்லாத காலத்தில் கொள்ளை தொடங்கிவிட்டால் கூட்டமே அழியும் அளவுக்குச் சண்டை மூளும். அதனால்தான் தேன் எடுப்பதையும் மூடிய அறையிலோ வலைக்குள்ளோ செய்வார்கள். ஒரு சொட்டும் வெளியே சிந்தவிட மாட்டார்கள். பொறுப்பு கைமாறும் இடைவேளையில் சொத்தைத் திறந்து போடாதீர்கள். பெரியவர் இறந்து பத்திரம் மாறுவதற்குள் எத்தனை குடும்பங்களில் மூன்றாம் மனிதர் புகுந்திருக்கிறார்கள்!

அவசரக்காரர்களுக்கும் முறைகள் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் மேலைநாடுகளில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியைப் பெட்டிமேல் விரிப்பார்கள். அந்த நெடி தாங்காமல் தேனீக்கள் ஓடும். தேனிலும் அதன் வாடையும் எச்சமும் தங்கும் என்று தெரிந்து அதைக் கைவிட்டார்கள். பெரிய பண்ணைகளில் காற்றடிக்கும் இயந்திரம் வைத்து ஊதித் தள்ளுவதும் உண்டு. ஆயிரம் பெட்டி வைத்திருப்பவருக்கு அது தேவையாக இருக்கலாம். நாலு பெட்டி வைத்திருக்கும் நமக்கு ஓர் இரவு காத்திருப்பதில் என்ன நஷ்டம்? நம் அடுக்குத் தேனீ கூச்ச சுபாவம் உள்ளது. தொல்லை மிகுந்தாலோ தீனி குறைந்தாலோ கூட்டத்தோடு பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் பறந்துவிடும். அதை யாரும் கட்டிவைக்க முடியாது. அது நம்மிடம் இருப்பதே நம்மை நம்பித்தான்.

தேன் எடுத்தபின் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, சட்டங்களைத் தேன் எடுக்கும் கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் வெளியேறும். அடை முழுசாக இருக்கும். அதை அன்றே திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனைச் செலவிட வேண்டியிருக்கிறது. கட்டிய அடையைத் திருப்பிக் கொடுத்தால் அவ்வளவு உழைப்பும் மிச்சம். ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுள் முழுதும் அலைந்து சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். நாம் தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு தேக்கரண்டித் தேன் பன்னிரண்டு உயிர்களின் வாழ்நாள் சம்பாத்தியம்.

சேர்த்து வைத்து, கொடுக்காமல், தானும் அனுபவிக்காமல் போகிறவர்களுக்குச் சாட்சியாக நாலடியார் தேனீயைக் காட்டுகிறது. கூட்டை அழித்துத் தேன் எடுத்த காலத்தில் அது கண்கூடான சாட்சி. பெட்டி வைத்தவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கிறோம். எங்கள் பக்கம் தை முதல் சித்திரைவரை முருங்கை, புங்கம், வேம்பு, எள் என்று பூவுக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீக்கள் நாள் கணக்கில் வெளியே போக முடியாது. அந்த நாட்களைத் தாண்டத்தான் அவை சேர்க்கின்றன. ஆகவே மழைக்கு முன் தேனறையிலும் கொஞ்சம் விட்டுவைப்பது என் வழக்கம். முழுவதையும் வழித்துவிட்டுப் பிறகு சர்க்கரைப் பாகு வைப்பவர்களும் உண்டு. பாகு உயிரைக் காப்பாற்றும்தான். அதைவிட, அவற்றின் உணவை அவற்றுக்கே விட்டுவைப்பது நேர்மை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று பழமொழி சொல்கிறோம். புறங்கையை நக்கிக்கொள்ளட்டும், அது உழைத்தவனுக்குக் கிடைக்கும் ருசி. அடிச்சட்டியைச் சுரண்டுவதுதான் பாவம்.

தேன் பெட்டி வைக்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கோடையில் திண்டிவனம் சாலையோரம் குவித்து விற்கும் தர்பூசணியை எண்ணிப் பாருங்கள். அந்தக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரே ஒரு நாள்தான் திறந்திருக்கும். அன்று காலையில் தேனீ பலமுறை வந்து போனால்தான் காய் உருண்டு திரளும். வரவு குறைந்தால் கோணிச் சூம்பிப்போகும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்ற பெயரில் நல்ல எள் ரகங்களைத் தந்திருக்கிறது. அந்த எள்ளிலும் தேனீ வந்தால் காய்ப்பு கூடுகிறது. ஆனால் பூத்திருக்கும் வயலில் விடியற்காலையிலேயே பூச்சிமருந்து அடிக்கிறோம். தேனீ மேயும் நேரம் அதுதான். மருந்து அடித்தே ஆக வேண்டுமானால் தேனீக்கள் கூடு திரும்பிய சாயங்காலத்தில் அடியுங்கள். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு பைசாச் செலவு இல்லை.

இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். யாரிடமிருந்து எதை எடுக்கப் போனாலும், அது மேலறையா கீழறையா என்று பாருங்கள். பக்குவம் வரும்வரை காத்திருங்கள். எழுந்து போக வேண்டியவருக்குப் போக்கிடமும் வழியும் அவகாசமும் கொடுங்கள். எடுத்தபின் அடையைத் திருப்பி வையுங்கள். மழைக்காலத்துக்கு விட்டுவையுங்கள். இப்படி எடுத்துவந்தால், கொடுப்பவர் அடுத்த ஆண்டும் இருப்பார். மனம் கசக்காமல் கொடுப்பார்.